டெர்ரி ப்ராட்செட்: அல்சூர் வாசகர் கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பத்துப் பன்னிரண்டு தமிழர்கள் கூடிப் புத்தகம் பேசுகிறோம். ஜெயகாந்தனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் நான் டெர்ரி ப்ராட்செட்டில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறேன் என்று ஒரு புகார் உண்டு. புகார் நியாயமானதுதான். புதிதாக வருபவர்கள் அதே கேள்விகளைக் கேட்க, நானும் அதே பதில்களைச் சொல்ல, பழைய ஆட்கள் காபி குடிக்க எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன்.

யார் இவர்? சுருக்கமா சொல்லுங்க.

இங்கிலாந்துக்காரர். 1948 ஏப்ரல் 28 அன்று பிறந்து 2015 மார்ச் 12 அன்று இறந்தார். டிஸ்க்வேர்ல்ட் என்ற தட்டையான உலகத்தில் நடக்கும் 41 நாவல்கள் எழுதினார், அதற்கு வெளியேயும் நிறைய. இறக்கும்போது 37 மொழிகளில் 8 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தன. 1990-களில் பிரிட்டனில் அதிகம் விற்ற எழுத்தாளர் இவர்தான். அப்புறம் மந்திரப் பள்ளிக்கூடத்துச் சிறுவன் ஒருவன் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டான்.

தட்டையான உலகமா?

ஆமாம். உலகம் நான்கு யானைகளின் முதுகில் இருக்கிறது, யானைகள் ஒரு பிரம்மாண்ட ஆமையின் முதுகில் நிற்கின்றன, ஆமை விண்வெளியில் நீந்திக்கொண்டே போகிறது. இதைச் சொன்னதும் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் 'இது நம்ம சரக்காச்சே' என்பார். நம்ம சரக்கும்தான். மந்தர மலையைத் தாங்கிய கூர்மம், இராவணன் மார்பில் தந்தம் ஒடிந்த திசை யானைகள், எல்லாம் நாம் பாட்டியிடம் கேட்டவை. உலகைத் தாங்கும் ஆமை பல நாட்டுப் புராணங்களிலும் உண்டு, அங்கிருந்து எடுத்ததை அவர் மறைக்கவும் இல்லை. எட்டு யானைகளை நாலாகக் குறைத்தார். அதோடு விடாமல், முன்னொரு காலத்தில் ஐந்தாவதாக ஒரு யானை இருந்தது, அது வழுக்கி உலகத்தின் மேலேயே விழுந்தது, அதன் கொழுப்பைத்தான் குள்ளர்கள் இன்றும் சுரங்கம் வெட்டி எடுக்கிறார்கள் என்று ஒரு கதை கட்டி, அதை வைத்து ஒரு முழு நாவலே எழுதினார். நம்மூர் ஸ்தல புராணக்காரர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

ஆனால் ஆமையும் யானையும் மேடை மட்டும்தான். மேடையில் ஏறுகிறவர்கள் போலீஸ்காரர், தபால்காரர், பத்திரிகைக்காரர், பேங்க் மேனேஜர், ரயில் இன்ஜின் செய்கிறவர். அவர் எழுதியது மாயாஜாலக் கதை என்று சொல்லிக்கொண்டு படிக்க உட்கார்ந்தால், பாதியில் நம் வார்டு ஆபீஸ் நடுவில் நின்றுகொண்டிருப்போம்.

எழுத்துக்கு எப்படி வந்தார்? வசதியான வீடா?

அப்படியொன்றும் இல்லை. பீக்கன்ஸ்ஃபீல்ட் என்ற சின்ன ஊர். அப்பா மெக்கானிக், அம்மா செக்ரட்டரி, இவர் ஒரே பிள்ளை. ஆறு வயதிலேயே இவன் தேறமாட்டான் என்று பள்ளித் தலைமை ஆசிரியர் முடிவு கட்டிவிட்டாராம். அதை ப்ராட்செட் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை, மன்னித்ததாகவும் தெரியவில்லை. தன்னைப் படிக்க வைத்தது ஊர்ப் பொது நூலகம்தான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் அங்கே ஒத்தாசைக்கும் போவார். அவருடைய மந்திரவாதிகள் பல்கலைக்கழகத்தில் நூலகர் ஒரு ஒராங்குட்டான். ஒரு மந்திர விபத்தில் அப்படி ஆனவர், மறுபடி மனிதனாக மாற்றுகிறோம் என்றபோது வேண்டாம் என்றுவிட்டார், ஏனென்றால் அலமாரியில் ஏறவும் புத்தகம் எடுக்கவும் இப்போதுதான் சௌகரியம். இதில் சிரிப்பு மட்டும் இல்லை. அந்தக் குரங்கினத்தைக் காப்பாற்றும் அமைப்புக்காகப் பிற்காலத்தில் நிறைய உழைத்தார், ஒரு டிவி ஆவணப்படத்துக்காக போர்னியோ காட்டுக்கும் போய்வந்தார்.

13 வயதில் பள்ளிப் பத்திரிகையில் ஒரு கதை வந்தது. அதே கதை 15 வயதில் காசு கொடுக்கும் பத்திரிகையில் வந்தது. அந்தக் காசில் ஒரு பழைய டைப்ரைட்டர் வாங்கினார். 1965-ல், 17 வயதில், படிப்பை விட்டுவிட்டு உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தார். சேர்ந்த மூன்று மணி நேரத்தில் வாழ்க்கையின் முதல் பிணத்தைப் பார்த்ததாகச் சொல்வார். அதே பத்திரிகையில் 'அங்கிள் ஜிம்' என்ற பெயரில் குழந்தைகளுக்கு வாராவாரம் கதை எழுதினார். எனக்கு வாண்டுமாமா ஞாபகம் வருவது இந்த இடத்தில்தான். தமிழில் எத்தனை பேர் இப்படி மாமா வேஷத்தில் கை பழக்கிக்கொண்டார்கள்!

ஒரு சின்னப் பதிப்பாளரைப் பேட்டி எடுக்கப் போனவர், போன இடத்தில் தானும் ஒரு நாவல் எழுதியிருப்பதாகச் சொன்னார். அது 1971-ல் புத்தகமாக வந்தது.

நான் வேலையை விட்டுட்டு முழு நேரம் எழுதப்போறேன். இவரும் அப்படித்தானே செஞ்சார்?

ஐடி வேலையில் இருக்கும் யாராவது ஒருவர் வருடத்துக்கு ஒரு முறையாவது இதைக் கேட்டுவிடுகிறார், பெரும்பாலும் அப்ரைசல் முடிந்த வாரத்தில். தம்பி, இவர் அப்படிச் செய்யவில்லை. முதல் புத்தகம் 1971-ல், வேலையை விட்டது 1987-ல். நடுவில் பதினாறு வருடம்.

அந்தப் பதினாறு வருடத்தில் பாதி பத்திரிகை வேலை. மீதி, பிரிட்டனின் அரசு மின்சார வாரியத்தில் பத்திரிகைத் தொடர்பு அதிகாரி வேலை. அவர் பொறுப்பில் இருந்த பகுதியில் மூன்று அணு மின்நிலையங்கள். சேர்ந்த நேரத்தைப் பாருங்கள்: 1979 மார்ச்சில் அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து நடந்து, உலகமே அணு என்றால் அலறிக்கொண்டிருந்த நேரம். 'ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது' என்று நிருபர்களிடம் சொல்வதுதான் பகல் முழுக்க வேலை. அங்கே பார்த்ததை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால்தான் எழுதவில்லை என்று கிண்டலாகச் சொல்வார். என்னைக் கேட்டால் எழுதினார் என்றுதான் சொல்வேன். அவர் கதைகளில் கமிட்டி கூடும் காட்சிகளைப் படித்துப் பாருங்கள், ஆபீசில் உட்காராதவரால் அதை எழுத முடியாது.

எழுதியது ராத்திரியில். கணக்கு வைத்து, ஒரு இரவுக்கு 400 வார்த்தை. ஒரு நாள் நாவல் முடிந்துவிட்டது, ஆனால் கணக்குக்கு இன்னும் நூறு வார்த்தை பாக்கி. எழுந்து போகவில்லை. டைப்ரைட்டரில் புதுத் தாளைச் செருகி அடுத்த நாவலின் முதல் நூறு வார்த்தையை அடித்துவிட்டுத்தான் படுக்கப் போனாராம். இந்தக் கதையை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

கேட்ட ஜோரில் நானும் முயற்சி பண்ணினேன். சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி வீட்டுக்கு வந்து சேர ஒன்பது மணி, சாப்பிட்டு உட்காரப் பத்து. பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ், அதோடு சரி. ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன்: ஆங்கிலத்தில் நாலு வார்த்தையில் சொல்வதைத் தமிழ் 'போய்விட்டிருக்கக்கூடும்' என்று ஒரே வார்த்தையாக ஒட்டிவிடுகிறது, ஆக நமக்கு 400 என்பது அநியாயம், 280 போதும். பழைய ஆட்கள் இந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை.

டிஸ்க்வேர்ல்டின் முதல் நாவல் 1983-ல் வந்தது. ஆரம்பத்தில் சில நூறு பிரதிகள்தான். பிபிசி வானொலி அதைத் தொடராக வாசித்ததும், அப்புறம் மலிவு விலைப் பதிப்பு வந்ததும்தான் பெயர் பரவியது. தொடரின் நாலாவது நாவலை முடித்த பிறகே, புத்தக வருமானத்தில் குடும்பம் நடக்கும் என்று தெரிந்த பிறகே, ராஜினாமா. கல்யாணம் 1968-ல், மகள் பிறந்தது 1976-ல். வீட்டில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு அவர் சூதாடவில்லை.

எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கணும்? முதல் புத்தகம்தானே?

வேண்டாம். முதல் இரண்டும் வேறு மாயாஜாலக் கதைகளைக் கிண்டல் செய்பவை, அந்தக் கதைகள் தெரிந்தால்தான் சிரிப்பு வரும். ஒவ்வொரு நாவலும் தனியாக நிற்கும், வரிசை அவசியமில்லை. 'மோர்ட்' எடுங்கள், இல்லை 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!'. கோயில், மதம், பக்தி பற்றி வீட்டில் சண்டை போடுகிறவராக இருந்தால் நேராக 'ஸ்மால் காட்ஸ்': பக்தர்கள் லட்சக்கணக்கில் இருந்தும், நிஜமாக நம்புகிறவன் ஒரே ஒருவன்தான் என்பதால் சின்ன ஆமையாகச் சுருங்கிப்போன ஒரு சாமியின் கதை.

பழைய பிரதிகள் சர்ச் ஸ்ட்ரீட் ப்ளாசமிலும் புக்வோர்மிலும் கண்ணில் படும். ஜோஷ் கிர்பி வரைந்த பழைய அட்டைகள் கலர் கலராக, ஒரே கூட்டமாக, ஆட்கள் பாதி உடையில் ஓடுவதுபோல இருக்கும். மெட்ரோவில் பிரித்தால் பக்கத்து சீட் அங்கிள் ஒரு மாதிரி பார்ப்பார். கிர்பி 2001-ல் இறந்த பிறகு பால் கிட்பி வரைந்த அட்டைகள் கொஞ்சம் நிதானம்.

எட்டாவது படிக்கிற பொண்ணுக்குக் கொடுக்கலாமா?

தாராளமாக, அக்கா. டிஃபனி என்ற ஆடு மேய்க்கும் வீட்டுச் சிறுமியின் வரிசை இருக்கிறது, முதல் கதையில் அவளுக்கு ஒன்பது வயது. தம்பியை தேவதைகளின் ராணி தூக்கிப் போய்விட, இவள் வாணலியோடு கிளம்புகிறாள். நீல நிறக் குட்டி மனிதர்கள் துணைக்கு வருவார்கள், அவர்கள் குடிப்பார்கள், திருடுவார்கள், அடிதடி பண்ணுவார்கள். அது பரவாயில்லை என்றால் சரி. இறந்துபோன பாட்டியின் நினைவு அந்தக் கதை முழுக்க வரும், உங்களுக்கும் கண் கலங்கும்.

ஏழை செருப்பு, பணக்காரச் செருப்புன்னு ஏதோ சொன்னாராமே?

பூட்ஸ். 1993-ல் வந்த ஒரு நாவலில் வைம்ஸ் என்ற போலீஸ்காரர் நடந்துகொண்டே யோசிக்கிறார். அவருக்கு மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல பூட்ஸ் 50 டாலர், பத்து வருடம் உழைக்கும். அவரால் வாங்க முடிந்தது 10 டாலர் பூட்ஸ், ஒன்றிரண்டு பருவத்தில் அட்டை தேய்ந்து ஓதம் ஏறிவிடும். ஆக பத்து வருடத்தில் ஏழை 100 டாலர் செலவு பண்ணியும் கால் ஈரமாகவே இருக்கிறது, பணக்காரனுக்கு அம்பதோடு முடிந்தது. பொருளாதாரம் பேசுகிறவர்கள் இன்றைக்கும் இதை எடுத்துச் சொல்கிறார்கள்.

பெங்களூருக்கு வந்த புதிதில் எனக்கு இது பாடமாகவே நடந்தது. அப்போது பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வைக்க முடிந்தவனுக்கு அளவான வாடகையில் வீடு. வைக்க முடியாத நான் பிஜியில், மூன்று பேர் ஒரு ரூமில், தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தேன். மூன்று தலையையும் கூட்டிப் பார்த்தால் அந்த வீட்டு வாடகையைத் தாண்டியிருந்தது. புத்தகத்தை அதற்கப்புறம்தான் படித்தேன், படித்ததும் கோபம் வந்தது. அவருக்கும் உள்ளே கோபம்தான். சிரிக்கச் சிரிக்க எழுதுகிற ஆள் என்றுதான் பெயர், ஆனால் வரிக்கு வரி கீழே ஒரு அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும்.

தமிழில் மொழிபெயர்க்கலாமே, ஏன் நீங்க செய்யக்கூடாது?

செய்து பார்த்தோம், நாலு பேர் சேர்ந்து, ஒரு அத்தியாயம். அத்தியாயமா? அவர் புத்தகங்களில் பெரும்பாலும் அத்தியாயமே கிடையாது, அதுவே முதல் தலைவலி. இரண்டாவது அடிக்குறிப்புகள். பரிமேலழகர் உரையின் ஓரத்தில் உட்கார்ந்து ஒருத்தர் ஜோக் அடித்தால் எப்படி இருக்கும், அப்படி.

பெரிய தலைவலி மரணம். அவர் கதைகளில் மரணம் ஒரு பாத்திரம்: எலும்புக்கூடு, கையில் அரிவாள், பிங்கி என்ற வெள்ளைக் குதிரை, பூனை என்றால் உயிர், காரமான கறிக்குழம்பும் பிடிக்கும். நம் எமன்போல எருமையில் வந்து பாசக்கயிறு வீசுகிற மிரட்டல் இல்லை. மரியாதையாக, கொஞ்சம் குழப்பத்தோடு, மனிதர்களைப் புரிந்துகொள்ளப் பார்க்கிற ஆள். அவர் பேசும்போது மட்டும் எல்லாமே பெரிய எழுத்தில் இருக்கும், மேற்கோள் குறி இருக்காது. தமிழில் ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து? தடித்த எழுத்தில் போட்டால் விளம்பரம் மாதிரி தெரிகிறது. கடைசியில் ஒரு தமிழாசிரியை சொன்ன யோசனை: எல்லாரும் பேச்சுத் தமிழில் பேசட்டும், மரணம் மட்டும் சுத்தமான செந்தமிழில், அதுவும் புணர்ச்சி பிரிக்காமல் பேசட்டும். போட்டுப் பார்த்தோம், முதுகு சில்லிட்டது. ஆனால் அந்த ஒரு அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. உரிமை, அனுமதி என்று நிறைய இருக்கிறது.

சர் பட்டம், வாள் கதை உண்மையா?

உண்மை. 1998-ல் 'இலக்கியச் சேவைக்காக' ஒரு அரச விருது கொடுத்தார்கள். இலக்கியம் எதுவும் எழுத முயலாமல் இருந்ததுதான் தன்னுடைய சேவையாக இருக்கும் என்றார். 2009-ல் சர் பட்டம், அதாவது 'நைட்' என்ற வீரர் பட்டம், வந்தது. வீரன் என்றால் வாள் வேண்டாமா என்று, வீட்டுக்குப் பக்கத்து வயலில் சுமார் 80 கிலோ இரும்புத் தாது தோண்டி, கையால் கட்டிய உலையில் தானே கூட இருந்து உருக்கி, விண்கல் இரும்புத் துண்டுகளையும் சேர்த்து ஒரு வாள் அடிக்க வைத்தார். பாதுகாப்பாக எங்கோ ஒளித்தும் வைத்தார், ஏனென்றால் அந்த ஊர்ச் சட்டப்படி வீரனும் வாளோடு தெருவில் நடக்க முடியாது.

கடைசிக் காலத்தில் என்ன ஆச்சு?

2007-ல் டைப் அடிப்பதில் தடுமாற்றம் வந்தது. முதலில் லேசான பக்கவாதம் வந்து போயிருக்கும் என்று நினைத்தார்கள். அந்த டிசம்பரில் தெரிந்தது: அல்சைமர், அதிலும் மூளையின் பின்பகுதியைத் தாக்கும் அரிய வகை. வயது 59. கண் நன்றாக இருக்கும், ஆனால் பார்ப்பது என்ன என்று மூளைக்குப் பிடிபடாது. பேச்சும் யோசனையும் நெடுநாள் தெளிவாகவே இருந்தன, சட்டையைப் போடுவதும் எழுத்தைக் கண்டுபிடிப்பதும்தான் போராட்டம்.

அவர் ஒளிக்கவில்லை, வாசகர்களுக்கு எழுதியே சொன்னார். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகும் பணத்தில் அல்சைமர் ஆராய்ச்சிக்கு வருவது வெறும் 3 சதவீதம் என்று தெரிந்ததும் கொதித்துப்போய், 2008 மார்ச்சில் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். நம் ஊரில் 'வயசானா மறதிதானே' என்று சொல்லி வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுவோம். எங்கள் பெரியப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது, அவர் உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் மாற்றி வைப்பதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டோம். டாக்டரிடம் போனபோது இரண்டு வருடம் கடந்திருந்தது. அந்த நினைப்பில் ப்ராட்செட்டின் பேட்டிகளைப் பார்ப்பது எனக்குச் சுலபமாக இல்லை.

எழுத்து நிற்கவில்லை. கம்ப்யூட்டரிடம் வாயால் சொல்லியும் உதவியாளரிடம் சொல்லியும் எழுதினார். 2011-ல் வந்த நாவல் பிரிட்டனில் முதல் மூன்று நாளில் 55,000 பிரதி விற்றது. தீராத நோயாளிக்குத் தன் முடிவைத் தானே தேர்ந்தெடுக்க உரிமை வேண்டும் என்று 2010-ல் பிபிசி உரையில் வாதாடினார். தொடர்ந்து வாசிக்க முடியாததால் நண்பரான ஒரு நடிகர்தான் பெரும்பகுதியை வாசித்தார். அதே விஷயத்தில் ஒரு ஆவணப்படமும் எடுத்தார். ஆனால் அவர் இறந்தது இயற்கையாக, வீட்டில், குடும்பம் சுற்றியிருக்க, கட்டிலில் பூனை தூங்கிக்கொண்டிருக்க. செய்தி அவருடைய ட்விட்டர் கணக்கில் வந்தது, மரணமே பெரிய எழுத்தில் பேசி அவரைக் கூப்பிடுவதுபோல.

எல்லாப் புத்தகமும் நல்லா இருக்குமா?

இல்லை. கிழக்கத்திய நாடு ஒன்றை வைத்து 1994-ல் எழுதியதில் பழைய வெள்ளைக்காரக் கேலி நிறைய, என்னால் ரசிக்க முடியவில்லை. கடைசி இரண்டு மூன்றில் வாக்கியங்கள் தளர்ந்திருப்பது தெரியும், அதைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை. நடுவில் 1989-லிருந்து 2005 வரை எழுதியதுதான் விளைச்சல் காலம் என்பது என் கணிப்பு.

கம்ப்யூட்டர்காரங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்குது?

அவரே ஒருத்தர் என்பதால். ஆரம்பகால வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பிரித்து ஒட்டி விளையாடியவர். ஏன் மேஜையில் ஆறு மானிட்டர் என்று கேட்டால், எட்டு வைக்க இடமில்லை என்பார். அவர் மந்திரப் பல்கலைக்கழகத்தில் எறும்புகள் ஓடி ஓடிக் கணக்குப் போடும் ஒரு கம்ப்யூட்டரும் உண்டு.

அப்புறம் 'கோயிங் போஸ்டல்'. அதில் கோபுரத்துக்குக் கோபுரம் விளக்கு அசைத்துச் செய்தி அனுப்பும் தந்தி. வேலையில் இறந்துபோன ஒருவனின் பெயரை ஜி, என், யு என்ற மூன்று குறியோடு அனுப்புவார்கள்: அடுத்த கோபுரத்துக்குத் தள்ளு, பதிவேட்டில் எழுதாதே, கடைசியில் திருப்பி அனுப்பு. பெயர் கோபுரங்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருக்கும் வரை அவன் சாகவில்லை. ப்ராட்செட் இறந்த சில நாளிலேயே உலகெங்கும் புரோகிராமர்கள் தங்கள் சர்வர்கள் வலைப்பக்கத்தோடு கூடவே அனுப்பும் 'ஹெடர்' என்ற குறிப்பில், யார் கண்ணுக்கும் தெரியாமல், அதே மூன்று எழுத்தோடு அவர் பெயரைச் சேர்த்தார்கள். எங்கள் டீமில் நானும் சேர்த்தேன். கோட் ரிவ்யூவில் மேனேஜர் 'இது என்னப்பா' என்றார். விளக்கினேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு அப்ரூவ் பண்ணினார்.

முடிக்காத கதைகள் எங்கே?

ரோடு ரோலருக்கு அடியில். அவர் சொல்லிவைத்தபடியே 2017 ஆகஸ்ட் 25 அன்று டார்செட் நீராவி இயந்திரக் கண்காட்சியில், ஹார்ட் டிஸ்கைத் தரையில் வைத்துப் பழைய நீராவி ரோலரை ஏற்றினார்கள். அதற்கும் முழுசாக நொறுங்காமல், கடைசியில் கல் உடைக்கும் மெஷினில் போட்டார்களாம். பத்து நாவல்வரை அதில் இருந்திருக்கலாம் என்கிறார்கள். படிக்கிறவனுக்கு வயிறு எரிகிறது, எழுதுகிறவனாக யோசித்தால் கும்பிடத் தோன்றுகிறது.

உங்க பிரதியைக் கடன் தருவீங்களா?

தருவேன். 'மோர்ட்' மட்டும் இப்போது என்னிடம் இல்லை. 2022-ல் வாங்கிப் போனவர் புனேவுக்கு மாற்றலாகிவிட்டார், ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்புகிறார், புத்தகத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை.